பன்னிரண்டு விருந்தினரும் ஒரு சூடுதட்டும்

விடுமுறை நாளில் வீட்டுக்கு விருந்தினரை அழைப்பவருக்குச் சமைப்பதைவிடப் பெரிய தொல்லை, சமைத்தது ஆறிப்போவதுதான். ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர் எட்டு மணிக்கு வந்து சேர, கூடத்தில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும்போது நாம் மட்டும் சமையலறையில் நின்று பாத்திரங்களை மாற்றி மாற்றி அடுப்பில் ஏற்றிக்கொண்டிருப்போம். இதற்கு ஒரு முடிவு கட்டத்தான், மூன்று பாத்திரங்களை வைக்கக்கூடிய, கண்ணாடி மேற்பரப்புடைய மின் சூடுதட்டு ஒன்றை வாங்கினேன். கடைகளில் இதை வார்மிங் ட்ரே என்பார்கள். பன்னிரண்டு பேருக்கு விருந்தளித்த நாளில் இரண்டு மணி நேரம் அதைப் பயன்படுத்தினேன்.

இது சமைக்கும் கருவி அன்று. ஆறிய உணவைச் சூடேற்றும் கருவியும் அன்று. ஆவி பறக்கும் நிலையில் கொண்டுவந்து வைத்தால், அந்தச் சூட்டைக் குறையாமல் காக்கும், அவ்வளவுதான். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாத்திரத்தை நேராக இதன்மேல் வைத்தால், பாக்டீரியாக்கள் விரைவாகப் பெருகும் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் உணவு நெடுநேரம் கிடக்கும். முந்தைய நாள் உணவை அடுப்பில் 74 டிகிரி வரை சூடாக்கிய பிறகே தட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த எச்சரிக்கையைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உணவு வெப்பமானியால் அவ்வப்போது அளந்து பார்த்தேன். நடுவில் வைத்த நீர்த்த பதார்த்தம் கடைசிவரை 68 டிகிரியில் நின்றது. ஓரத்தில் இருந்தது 61 வரை இறங்கியது. மூன்றாவது பாத்திரத்தில் இருந்த கெட்டியான பதார்த்தம்தான் ஏமாற்றியது: அடியில் 70 டிகிரி இருக்க, மேற்பரப்பில் 54தான் இருந்தது. நீர்த்த உணவில் சூடான பகுதி தானாக மேலெழுந்து சுழலும். கெட்டியான உணவில் அந்தச் சுழற்சி இல்லாததால், கால் மணிக்கொரு முறை கிளறிவிட வேண்டியிருந்தது. மூடியைத் திறந்தே வைத்தால் ஆவியோடு வெப்பமும் போய்விடும் என்பதால், ஒவ்வொருவர் பரிமாறிக்கொண்ட பிறகும் மூடியைத் தேடி மூடுவது என் வேலையாயிற்று. அடி வளைந்த பாத்திரங்களுக்கு இது பயன்படாது. தட்டை ஒரு சிறு வட்டத்தில் மட்டுமே அவை தொடுவதால் சூடு மேலே ஏறுவதில்லை.

மொறுமொறுப்பாக இருக்க வேண்டியவற்றை இதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மூடினால் தன் ஆவியிலேயே நனைந்து துவண்டுபோகின்றன. திறந்து வைத்தால் ஆறிவிடுகின்றன. அவற்றை விருந்தினர் அமர்ந்த பிறகு பொரிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

குறைகளில் பெரியது மின்கம்பி. அது மிகக் குட்டையாக இருப்பதால், சாப்பாட்டு மேசையின் நடுவில் வைக்க நினைத்த தட்டைச் சுவரோரமாக ஒரு சிறு மேசையில் வைக்க நேர்ந்தது. ஒருவகையில் அதுவும் நல்லதாகிவிட்டது, ஏனென்றால் கண்ணாடி சூடாக இருப்பதைக் காட்டும் விளக்கு பின்பக்கம் இருப்பதால், சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தால் யாராவது தெரியாமல் தொட்டிருப்பார்கள். குழந்தைகள் கைநீட்டும் உயரத்தில் இதை வைப்பது ஆபத்து. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் முழுத் தட்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். துடைப்பது மட்டும் மிக எளிது.

நான்கைந்து பேருக்கு விருந்தளிப்பவர் இதை வாங்க வேண்டியதில்லை, நல்ல ஹாட்பாக்ஸ் போதும். ஆனால் ஹாட்பாக்ஸ் திறக்கும்போதெல்லாம் இழக்கும் சூட்டைத் திரும்பப் பெறாது. பத்துப் பேருக்கு மேல் வந்து, ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடும் வீட்டில் இந்தத் தட்டுதான் உதவும். அன்று நானும் விருந்தினரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன், நடுவில் நான்கைந்து முறை கிளறுவதற்காக எழுந்தது தவிர.