டோஜ்டிப்பாட்: மூடப்பட்ட ஒரு சேவைக்குத் தாமதமான மதிப்புரை

இயங்குவதை நிறுத்திவிட்ட ஒரு சேவைக்கு மதிப்புரை எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. விளம்பரமும் ஆரவாரமும் ஓய்ந்துவிட்டதால், என்ன தருவதாகச் சொன்னார்கள், என்ன தந்தார்கள், கடைசியில் யார் கையில் என்ன மிஞ்சியது என்பதை மட்டும் நிதானமாகப் பார்க்க முடிகிறது. 2013 டிசம்பரில் ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் தொடங்கி 2017 மே மாதத்தில் நின்றுபோன டோஜ்டிப்பாட், கிரிப்டோ (இணைய நாணய) ஆர்வலர்களின் அரட்டைக்குள்ளேயே டோஜ்காயின் என்ற நாணயத்தை டிப்பாக, அதாவது சிறு அன்பளிப்பாக, கொடுக்கும் பழக்கத்தைப் பரப்பிய சேவை. அதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் பாட்கள், அதாவது தானாக இயங்கும் மென்பொருள்கள், இன்று டெலிகிராம், டிஸ்கார்ட் ஆகிய அரட்டைச் செயலிகளில் இருப்பதால், முன்னோடியின் கதையைத் தெரிந்துகொள்வது இப்போதும் பயன்படும்.

டோஜ்காயின் பிறந்ததே ஒரு கேலியாகத்தான். ஐபிஎம்மில் மென்பொருள் பொறியாளராக இருந்த அமெரிக்கர் பில்லி மார்கஸும், அடோபியில் பணியாற்றிய ஆஸ்திரேலியர் ஜாக்சன் பால்மரும் சேர்ந்து 2013 டிசம்பர் 6 அன்று அதை வெளியிட்டார்கள். ஷிபா இனு நாய் ஒன்றின் ஓரக்கண் பார்வைப் படம் அப்போது இணையமெங்கும் சுற்றிக்கொண்டிருந்தது. அதையே நாணயத்தின் முகமாக வைத்தார்கள். பிட்காயினின் எண்ணிக்கை 2.1 கோடிக்கு மேல் போகாது என்று விதிக்கப்பட்டிருக்க, டோஜ்காயினோ நிமிடத்துக்கு ஒரு பிளாக் (புதிய நாணயங்களைத் தரும் பதிவுத் தொகுப்பு) வீதம் கோடி கோடியாக வெளிவந்துகொண்டிருந்தது. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டோஜ்காயினின், சுருக்கமாக டோஜின், மதிப்பு அமெரிக்க சென்ட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நூறு டோஜ் கொடுத்தால் நம் கணக்கில் ஆறு ரூபாய். முதலீடாக எவரும் பெரிதாக மதிக்காத அந்த மலிவுதான் இந்தச் சேவையின் மூலதனமாக அமைந்தது.

பயன்படுத்தும் முறையில் குறை சொல்ல எதுவுமில்லை. டோஜ்டிப்பாட்டுக்கு ஒரு தனிச்செய்தி அனுப்பிப் பதிவு செய்துகொள்ள வேண்டும், அது தரும் முகவரிக்குக் கொஞ்சம் டோஜ் அனுப்பிவைக்க வேண்டும், அவ்வளவுதான். அதன் பிறகு யாருடைய கருத்து பிடித்திருந்தாலும், அதற்குப் பதில் எழுதும்போது ஒரு கூட்டல் குறி, பாட்டின் பெயர், தொகை ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால் போதும், சிறிது நேரத்தில் பாட் வந்து "வாவ் சோ வெரிஃபை" என்று தொடங்கும் ஒரு வரியை எல்லோரும் பார்க்கும்படி பதிந்துவிட்டுப் போகும். கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், தொகை, அதன் டாலர் மதிப்பு ஆகிய நான்கும் அந்த வரியில் இருக்கும். நம் ஊர் மண்டப வாசலில் மொய் எழுதுபவர் பெயரையும் தொகையையும் உரக்கச் சொல்லி நோட்டில் ஏற்றுவாரே, அதே வேலைதான். வரிசையில் நிற்கும் அடுத்தவரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போவதும் இங்கே அப்படியே நடந்தது.

இதன் விளைவை ஒரு சாதாரண உரையாடலிலேயே காணலாம். புதிதாக வந்த ஒருவர், தன் கணினியில் வாலட் (நாணயங்களை வைத்திருக்கும் மென்பொருள்) பல மணி நேரமாக ஒத்திசைந்துகொண்டே இருக்கிறது, முடிவதாகத் தெரியவில்லை என்று கேட்கிறார். பழையவர் ஒருவர் பொறுமையாக விளக்குகிறார். மூன்றாமவர் ஒருவர், கேள்வி கேட்டவருக்கு ஐம்பது டோஜும் பதில் சொன்னவருக்கு நூறு டோஜும் கொடுக்கிறார். முந்தைய நிமிடம் வரை ஒரு காசுகூட இல்லாதிருந்த புதியவர், கிடைத்த ஐம்பதில் பத்தை எடுத்து வேறொரு நாய்ப் படத்துக்குக் கொடுத்துத் தன் முதல் டிப்பைப் பதிவு செய்கிறார். பணத்தைக் கையாளக் கற்றுக்கொள்வதும் அதைக் கொடுக்கக் கற்றுக்கொள்வதும் ஒரே பாடமாகிவிடுகின்றன. வாங்கியவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் தொகை கொடுத்தவருக்கே திரும்பிவிடும் என்பதால் தயக்கத்துக்கும் இடமில்லை. பிட்காயின் வட்டாரங்களில் விலை ஏற்ற இறக்கத்தைத் தவிர வேறு பேச்சே எழாத அந்தக் காலத்தில், இங்கே பேச்சு முழுவதும் கொடுப்பதைப் பற்றியே இருந்தது என்பதை இந்தச் சேவையின் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

ஆறு ரூபாய், பத்து ரூபாய் என்று கொடுத்துப் பழகிய கைகள் பெரிய காரியத்துக்கும் நீண்டன. நாணயம் பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 2013 கிறிஸ்துமஸ் நாளில் ஓர் இணைய வாலட் சேவைக்குள் திருடர்கள் புகுந்து கோடிக்கணக்கான டோஜ்களைத் தூக்கிச்சென்றார்கள். பறிகொடுத்தவர்களுக்கு ஈடுகட்டுவதற்காக ஆர்வலர்கள் தங்களுக்குள் வசூல் தொடங்கி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் திருடுபோன அளவுக்கு நாணயங்களைச் சேர்த்துவிட்டார்கள். யாரோ செய்த திருட்டுக்கு முன்பின் தெரியாதவர்கள் பணம் கட்டிய அந்த நிகழ்வை நிதி உலகில் அடிக்கடி காண முடியாது.

அடுத்த மாதமே, ரஷ்யாவின் சோச்சியில் நடக்கவிருந்த குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் பயணச் செலவுக்குப் பணமில்லாமல் தவித்த ஜமைக்காவின் பாப்ஸ்லெட் (பனிப்பாதை வண்டிப் பந்தய) அணிக்கு வசூல் நடந்தது. இரண்டாம் நாளுக்குள் முப்பதாயிரம் டாலருக்கும் அதிகமான மதிப்புள்ள டோஜ் சேர்ந்தது. இந்த ஆர்வத்தின் சூட்டில் பிட்காயினுக்கு எதிரான டோஜின் விலையே ஏறக்குறைய பாதியளவு உயர்ந்தது. அதே சோச்சிக்குச் சென்ற நம் நாட்டு லூஜ் (படுத்தபடி பனிவண்டியில் சறுக்கும் பந்தயம்) வீரர் சிவா கேசவனுக்கும் இவர்கள் பணம் திரட்டினார்கள் என்பது இந்தியாவில் பலருக்குத் தெரியாத செய்தி. பனி விளையாட்டுகளில் பெரிதாக ஆர்வம் இல்லாத ஒரு நாட்டின் வீரருக்கு, அவரை நேரில் கண்டிராதவர்கள் நாய்ப்பட நாணயத்தில் செலவுக்குக் கொடுத்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் நான் உயர்வாக மதிப்பது கென்யாவுக்கான தண்ணீர்த் திட்டத்தைத்தான். டானா ஆற்றுப் படுகையில் கிணறு அமைப்பதற்காக, 2014 மார்ச் 22ஆம் நாளான உலகத் தண்ணீர் தினத்துக்குள் நான்கு கோடி டோஜ், அதாவது அன்றைய விலையில் சுமார் 30,000 டாலர், திரட்டி சாரிட்டி வாட்டர் என்ற தொண்டு அமைப்புக்கு வழங்குவது என்று இலக்கு வைத்தார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். பெயர் வெளியிடாத ஒருவர், ட்விட்டரில் இயங்கிய டிப் சேவையின் வழியாக ஒரே பதிவில் 1.4 கோடி டோஜை அனுப்பினார். அன்றைய மதிப்பு ஏறத்தாழ 11,000 டாலர். நூறு டோஜ் கொடுத்தவரும் கோடி டோஜ் கொடுத்தவரும் ஒரே வகைக் கட்டளையைத்தான் தட்டச்சு செய்தார்கள். காலக்கெடு, இலக்கு, பெறுபவர் யார், பணம் எதற்கு என்ற நான்கும் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருந்ததும், களத்தில் வேலை செய்யும் அனுபவமுள்ள அமைப்பிடம் பணம் போய்ச் சேர்ந்ததும் இந்த வசூலை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துகின்றன.

அதே உற்சாகம் சில நாட்களிலேயே கார்ப் பந்தயத்துக்கும் பாய்ந்தது. நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தயத்தின் ஓட்டுநர் ஜோஷ் வைஸுக்கு 6.78 கோடி டோஜ், ஏறத்தாழ 55,000 டாலர், திரட்டப்பட்டு, மே 4 அன்று அலபாமாவின் டாலடேகா ஓடுதளத்தில் நாய் முகம் வரைந்த கார் ஓடி இருபதாவது இடத்தில் முடித்தது. கிணற்றுக்குக் கிடைத்ததைவிடக் காருக்குக் கூடுதலாகக் கிடைத்தது என்பதை அறம் பேசிக் கண்டிக்க எனக்கு விருப்பமில்லை. விளையாட்டாகத் தொடங்கிய ஒரு கூட்டம் விளையாட்டுக்குச் செலவழிப்பது இயல்புதான். ஆனால் அந்தக் காருக்குப் பெருந்தொகை கொடுத்து எல்லோருடைய பாராட்டையும் பெற்ற ஒருவர் நடத்திவந்த, கிரிப்டோ வாங்கி விற்கும் பரிமாற்றகம் அதே ஆண்டு அக்டோபரில் முடங்கிப்போனபோது, அதில் நாணயம் வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதாயிற்று. தாராளமாகக் கொடுப்பவர் நாணயமானவராகத்தான் இருப்பார் என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள். டிப் கலாசாரம் அந்த நம்பிக்கையை வளர்த்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் வழி எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

டோஜ்டிப்பாட்டின் அடிப்படைக் குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு டிப்பும் பிளாக்செயினில் (எவரும் பார்க்கக்கூடிய, நாணயத்தின் பொதுப் பேரேட்டில்) பதிவாகிறது என்று பலர் எண்ணியிருந்தார்கள், உண்மை அதுவன்று. நாணயத்தை உள்ளே போடுவதும் வெளியே எடுப்பதும் மட்டுமே பிளாக்செயினில் நடந்தன. இடையில் நடந்த டிப்கள் அனைத்தும் பாட்டை நடத்தியவரின் தரவுத்தளத்தில் ஒரு கணக்கில் கழித்து இன்னொரு கணக்கில் கூட்டப்பட்டவைதாம். பத்து டோஜைக்கூடக் கட்டணமில்லாமல், காத்திருப்பில்லாமல் கொடுக்க முடிந்ததற்குக் காரணம் அதுவே. எல்லோருடைய நாணயங்களும் ஒருவருடைய பொறுப்பிலிருந்த வாலட்டில் குவிந்து கிடந்ததற்குக் காரணமும் அதுவே. அந்த வாலட்டில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது, பயனர்களுக்குத் தர வேண்டியது எவ்வளவு என்ற ஒப்பீட்டை வெளியார் யாரும் சரிபார்த்துச் சொல்லும் ஏற்பாடு இருக்கவில்லை. ஒவ்வொரு டிப்பும் பகிரங்கமாகத் தெரிந்ததால், கணக்கு முழுவதுமே பகிரங்கமாக இருக்கிறது என்ற பிரமை உண்டானது.

நண்பர்களுக்குள் பயன்பட்ட ஒரு கருவி பின்னர் நிறுவனமாக மாறியது. வெளி முதலீடும் பெற்றது. ஆனால் டிப் கொடுப்பதிலிருந்து நிறுவனத்துக்கு என்ன வருமானம் வரும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவேயில்லை. 2017 மே மாதத்தில் அதை உருவாக்கியவரே பொதுவில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார்: நிறுவனம் திவாலாகிவிட்டது, பணம் தீர்ந்துபோன பிறகு சேவையைத் தொடர்ந்து நடத்துவதற்காகப் பயனர்களின் நாணயங்களையே எடுத்துச் செலவழித்தார், இப்போது பாட்டின் வாலட்டில் நாணயம் எதுவும் மீதமில்லை. அதற்கு முன்பே எடுத்துக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். சின்னத் தொகைதானே, கிடக்கட்டும் என்று விட்டுவைத்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அறிவித்தவர் ஒளிக்காமல் சொன்னார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்ன காலம் பிந்தியது. அடுத்தவருடைய பணத்தில் கைவைத்த நாளிலேயே சேவையை நிறுத்தியிருக்க வேண்டும்.

அன்றைய விலையில் பெரும்பாலானோரின் இழப்பு ஒரு காப்பிக் காசுக்குள் அடங்கிவிடும். 2021 மே மாதத்தில் டோஜின் விலை 70 சென்ட்டைத் தாண்டியபோதுதான் அந்த இழப்பு வேறு முகம் காட்டியது. பத்தாயிரம் டோஜை மறந்துபோய்ப் பாட்டின் வாலட்டில் விட்டவர் அந்த நாளின் விலையில் ஏழாயிரம் டாலரை இழந்தவர் ஆகிறார். இப்படிப் பின்னோக்கிக் கணக்குப் போடுவது முழுக்க நியாயமில்லைதான். 2014இல் யாரும் அந்த விலைக்காக வைத்திருக்கவில்லை, கொடுத்து மகிழவே வைத்திருந்தார்கள். இருந்தாலும், பொறுப்பில் எடுத்துக்கொண்ட பொருளின் மதிப்பு இன்று குறைவு என்பது அதைக் கவனமின்றி வைத்திருக்க ஒருபோதும் காரணமாகாது.

இன்றைக்கு இதே வகைச் சேவை எதையாவது பயன்படுத்த நினைப்பவர்கள், கைச்செலவுக்கான தொகைக்கு மேல் அதில் வைக்காமலிருப்பதும், மாதம் ஒருமுறையாவது மீதியைத் தங்கள் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொள்வதும் நல்லது. எடுக்கும்போது தாமதமோ சாக்குப்போக்கோ தென்பட்டால் அன்றே வெளியேறிவிட வேண்டும். தொண்டுக்காகக் கொடுப்பதென்றால் பாட் வழியாகக் கொடுக்காமல், பெறும் அமைப்பு தன் சொந்த இணையதளத்தில் வெளியிட்டிருக்கும் முகவரிக்கே அனுப்புவது மேல். அந்த முகவரிக்கு எவ்வளவு வந்தது என்பதைப் பிளாக்செயினில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். எல்லா அமைப்புகளும் கிரிப்டோவை ஏற்பதில்லை. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, தன் தன்னார்வலர்களின் கோரிக்கையை ஏற்று 2022இல் கிரிப்டோ நன்கொடை பெறுவதை நிறுத்திவிட்டது.

இந்தியாவிலிருந்து கொடுப்பவர்களுக்கு வரி தொடர்பான சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோவைக் கைமாற்றுவதில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. பரிசாக வரும் கிரிப்டோவும், உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், பெறுபவரின் வருமானத்தில் சேரும். நன்கொடைக்கான வரிக்கழிவோ பணமாகக் கொடுத்தால்தான் கிடைக்கும், பொருளாகக் கொடுத்தால் கிடைக்காது. ஆகவே தொண்டு அமைப்பின் ரசீதைக் காட்டிக் கழிவு கோர விரும்புபவர், டோஜை விற்று, வரியைக் கட்டி, மீதியை வங்கி வழியாக அனுப்புவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.