மஞ்சள் ஒட்டிகளைப் பார்த்தேன், பத்திரத்தைப் பார்க்கவில்லை

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், என்னிடம் டிரஸ்ட் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய முகவரை மறுபடியும் பார்த்தேன். டிரஸ்ட் என்றால், நம் பணத்தை ஒரு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி, நாம் சொல்லும் ஆட்களுக்காக அது நிர்வகிக்கும் ஏற்பாடு. அதே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, அதே மூலை மேசை. எதிரில் என் வயதை ஒத்த ஒரு தம்பதி. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்கும் நம்மவர்கள், இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

என்னை அவர் 'அண்ணே' என்றுதான் அழைப்பார். அந்தக் கடையில் மூன்று முறை சந்தித்தோம், மூன்று முறையும் அவரே காசு கொடுத்தார். (என் வாழ்நாளில் நான் சாப்பிட்டவற்றில் மிக விலை உயர்ந்த சாப்பாடு அதுதான்.) உயில் எழுதினால் நான் போன பிறகு பிள்ளைகள் உயில் செல்லும் என்ற ஒப்புதலுக்காக, அதாவது புரோபேட்டுக்காக, நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும், டிரஸ்ட் எழுதினால் அந்த அலைச்சல் இல்லை, கடன்காரனும் தொட முடியாது என்றார். 180,000 வெள்ளியை (ரிங்கிட்) என் இரண்டு பேரப்பிள்ளைகள் பெயரில் எழுத ஒப்புக்கொண்டேன்.

"பின்னால் மனம் மாறினால் திரும்ப எடுக்கலாமா தம்பி?" என்று கேட்டேன். கேட்காமல் இல்லை.

"எழுதுவது நீங்கள்தானே அண்ணே, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்."

பத்திரம் 28 பக்கம், முழுக்க ஆங்கிலம். மின்கட்டண ரசீது படிக்கும் அளவுக்குத்தான் எனக்கு ஆங்கிலம் வரும். கையெழுத்துப் போட வேண்டிய ஒன்பது இடங்களில் அம்புக்குறி போட்ட மஞ்சள் ஒட்டிகள். அவர் பக்கத்தைப் புரட்டப் புரட்ட, நான் அம்பு காட்டிய இடத்தில் எல்லாம் போட்டேன். ரசத்தில் விரல் பட்டுவிடக்கூடாதே என்பதுதான் அப்போது என் கவலை.

பத்து மாதம் கழித்து மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றாகிவிட்டது. 60,000 வெள்ளியாவது திருப்பிக் கொடுங்கள் என்று, டிரஸ்ட் பணத்தை வைத்திருக்கும் அறங்காவலர் நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டே பத்தியில் பதில் வந்தது: பிரிவு 14இன்படி டிரஸ்டை ரத்து செய்யவும் மாற்றவும் எனக்கிருந்த உரிமையை நானே நிரந்தரமாகக் கைவிட்டுவிட்டேனாம்.

மஸ்ஜித் ஜாமெக் பக்கம் ஒரு வழக்கறிஞரம்மாவைப் போய்ப் பார்த்தேன். பத்திரத்தை முழுதும் படித்துவிட்டு, "பிரிவு 14 இல்லாவிட்டாலும் நிலைமை இதுதான் ஐயா" என்றார். உயிலைச் சாகும்வரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். டிரஸ்ட் அப்படி அல்ல. திரும்பப் பெறும் உரிமையை நமக்கென்று பத்திரத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால்தான் அது உண்டு. என் பத்திரத்தில் அப்படி எழுதாதது மட்டுமல்ல, வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது.

கடன்காரன் தொட முடியாது என்றாரே என்றேன். "பணம் உங்களுடையது இல்லை என்பதால்தானே அவன் தொட முடியாது? அதே காரணத்தால் நீங்களும் தொட முடியாது." அதிலும் முகவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். டிரஸ்ட் எழுதிய இரண்டு ஆண்டுக்குள் எழுதியவர் திவாலானால், 1967ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின்கீழ் அந்தப் பணத்தையும் கடன்காரர்களுக்காகத் திரும்பக் கேட்கலாமாம்.

1841இல் இங்கிலாந்து நீதிமன்றம் வகுத்த ஒரு விதி உண்டு. டிரஸ்ட் யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பயனாளிகள் எல்லோரும் வயது வந்தவர்களாக இருந்து, ஒருமனதாகக் கேட்டால் டிரஸ்டை முடித்துக்கொள்ளலாம். என் பேரப்பிள்ளைகளுக்கு வயது ஏழும் நான்கும். சின்னவனுக்குப் பதினெட்டு ஆக இன்னும் 14 ஆண்டு. அப்போதும் பணம் அவர்கள் கைக்குத்தான் போகும். நான் பேரனிடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார் என்று வழக்குப் போடலாம். ஆனால் அவர் சொன்னதெல்லாம் வாய்ச்சொல். கடைசிப் பக்கத்திலோ, 'தனியாகச் சட்ட ஆலோசனை பெற எனக்கு வாய்ப்பளிக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. ஒன்பதாவது ஒட்டி அதுதான்.

ஆகவே பத்திரத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுபோய், முகவர் அறிமுகப்படுத்தாத வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ரத்து செய்யும் உரிமை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பயனாளிகள் பட்டியலில் உங்கள் பெயரும் மனைவி பெயரும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எங்கள் பெயர் இல்லை.

முகவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "படித்துத்தானே அண்ணே கையெழுத்துப் போட்டீர்கள்?" என்றார். எங்கள் மைவி காரை விற்றாகிவிட்டது. செந்தூலிலிருந்து டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் கிராப் வாடகைக் காரில் போய் வருகிறோம்.