போன் அடிக்கவில்லையா? ரீசெட் போடக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

திருச்சி உறையூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். 2024 பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது நடந்தது இது. சூரத்திலிருந்து லைனிங் துணி பார்சல் வரவேண்டியிருந்தது. காலை பத்து மணிக்கு ஒரு அழைப்பு. "மேடம், கூரியர்ல இருந்து பேசுறேன். அட்ரஸ் சரியா இல்லை, டெலிவரி பாய் நம்பருக்கு கன்ஃபர்ம் பண்ணிடுங்க" என்று நல்ல தமிழில்தான் பேசினான். *21* அடித்து, அவன் சொன்ன பத்து இலக்க எண்ணைப் போட்டு, கடைசியில் # போட்டு டயல் செய்யச் சொன்னான்.

செய்தேன். திரையில் 'ரெஜிஸ்ட்ரேஷன் வாஸ் சக்சஸ்ஃபுல்' என்று வந்தது. பார்சல்தான் பதிவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தேன். உண்மையில் பதிவானது கால் ஃபார்வர்டிங். எனக்கு வரும் எல்லா அழைப்பும் அந்த நிமிடத்திலிருந்து அவன் போனுக்குப் போக ஆரம்பித்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப் கோடு என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது. யாரோ நம்பரை மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். எஸ்எம்எஸ் ஃபார்வர்டு ஆகாது, என் போனுக்குத்தான் வரும். அதனால்தான் அவன் கோடை எஸ்எம்எஸ்ஸில் வாங்காமல், 'கால் மூலம் பெறு' என்பதை அமுக்கிக் கேட்டு வாங்கியிருக்கிறான். என் வாட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விட்டது.

பொங்கல் வாரத்தில் மதியம் வரை ஒரு வாடிக்கையாளரும் கூப்பிடாமல் இருப்பார்களா? நேரில் வந்த ஒரு அம்மா, "ரிங் போகுது, நீ எடுக்கவே மாட்டேங்கிற" என்று சண்டைக்கு வந்தார். நான் மற்றவர்களுக்குப் பேசினால் போகிறது, நெட் ஓடுகிறது, வாட்ஸ்அப் மட்டும் வெளியே தள்ளிவிட்டது. போனில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஆஃப் செய்து போட்டேன், ஃப்ளைட் மோடு போட்டு எடுத்தேன், சிம்மைத் துடைத்தேன். கஸ்டமர் கேரில் இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு, "நெட்வொர்க் பிரச்னை, 24 மணி நேரத்தில் சரியாகிவிடும்" என்றார்கள். கால் ஃபார்வர்டு ஆகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் ஒரு வார்த்தை வரவில்லை.

அப்புறம் பக்கத்துத் தெரு மொபைல் கடை. "சாஃப்ட்வேர் ப்ராப்ளம்க்கா, ரீசெட் போட்டாத்தான் ஆகும்" என்று 400 ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைப் போனில்தான் படம் எடுத்து வைத்திருந்தேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகும் போன் அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? இந்த ஃபார்வர்டிங் போனுக்குள் இருப்பதில்லை, நெட்வொர்க்கில் நம் எண்ணோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ரீசெட் போட்டாலும் புதுப் போனில் சிம்மைப் போட்டாலும் அது போகாது. போன் கடை வைத்திருப்பவருக்கு இது தெரிய வேண்டாமா?

இதற்கிடையில் எங்கள் குடும்பக் குழுவில் இருந்தவர்களுக்கெல்லாம் என் பெயரில் செய்தி போயிருக்கிறது: ஆஸ்பத்திரி அவசரம், 18,000 ரூபாய் வேண்டும். சம்பந்தி விவரமானவர். உடனே அனுப்பவில்லை, உறுதி செய்துகொள்ள என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த அழைப்பும் அவனுக்குத்தானே போகும்! கட் செய்துவிட்டு, "டாக்டர் பக்கத்தில் இருக்கிறார், பேச முடியாது" என்று செய்தி அனுப்பியிருக்கிறான். அவர் பணத்தைப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் அக்கா மகன் வந்தான். "சித்தி, ஏதாவது நம்பர் டயல் பண்ணீங்களா?" என்று முதல் கேள்வியே அதுதான். அழைப்புகள் எங்கே திருப்பப்படுகின்றன என்று காட்டும் *#21# அடித்தான், யாரோ ஒருவருடைய எண் வந்து நின்றது. ##002# அடித்ததும் எல்லா ஃபார்வர்டிங்கும் போய், ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. நாள் முழுக்க நான் அலைந்ததற்கு அவ்வளவுதான் வைத்தியம். கோடு வேலை செய்யாவிட்டால் போன் ஆப்பின் செட்டிங்ஸில் 'கால் ஃபார்வர்டிங்' என்று இருக்கும், அங்கே போய் அணைக்கலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். போன் கிடைக்காதபோது அழைப்பு எங்கே போகும் என்று பார்க்க *#62# அடித்தால் தெரியாத எண் ஒன்று வந்தாலே பதற வேண்டாம். போன் ஆஃபில் இருக்கும்போது வாய்ஸ்மெயிலுக்கோ மிஸ்டு கால் அலர்ட்டுக்கோ திருப்பிவிட நெட்வொர்க்கே வைத்த எண்ணாக அது இருக்கலாம். ##002# போட்டால் அந்த அலர்ட்டும் நின்றுபோகலாம், பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் எஸ்எம்எஸ் கோடு போட்டதும் அவன் வெளியேறிவிட்டான். ஆனால் அவன் வைத்த ஆறு இலக்கப் பின் நம்பர் குறுக்கே நின்றது. அது இல்லாமல் உள்ளே போக 7 நாள் காத்திருந்தேன். இந்தப் பின் நம்பர் வைக்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை நான் முன்பே போட்டிருந்தால், கோடு கேட்டு வாங்கியும் அவனால் உள்ளே வந்திருக்க முடியாது. அந்த இரவே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேசிப் புகார் பதிவு செய்தோம். பணம் போய் எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. சம்பந்திக்கு நான்தான் மாதம் 2,000 வீதம் கொடுத்து அடைத்தேன்.

யுஎஸ்எஸ்டி (இப்படி *, # போட்டு டயல் செய்யும் கோடு) வழியாகச் செய்யும் கால் ஃபார்வர்டிங்கை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். *21, *401 என்று தொடங்கும் எதையாவது யாராவது டயல் செய்யச் சொன்னால், பேச்சை அங்கேயே வெட்டுங்கள்.

மொபைல் கடைக்குத் திரும்பப் போய் நடந்ததைச் சொல்லி 400 ரூபாயைக் கேட்டேன். "இப்ப போன் நல்லா ஓடுதுல்லக்கா?" என்றார்.