பாசிட்டிவ்னு வந்தாச்சே சார், மறுபடி எதுக்கு?

பெரியப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அவசரமாக ஊருக்குப் போனேன். குடல் ஆபரேஷன், ஐசியூ, அதன்பின் விடாத காய்ச்சல், கடைசியில் ரத்தத்தில் கேண்டிடா பூஞ்சை என்று ரிப்போர்ட். பயணத்தில் மற்றதெல்லாம் ஒழுங்காகவே நடந்தது, அதை விடுங்கள். எனக்கு எழுத வேண்டியிருப்பது, எடுக்காமல் விட்ட ஒரு கல்ச்சர் பாட்டிலைப் பற்றி. (ரத்தத்தைப் பாட்டிலில் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதுதான் கல்ச்சர்.)

பூஞ்சை என்று தெரிந்ததும் எக்கினோகாண்டின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை உடனே ஏற்றிவிட்டார்கள். குறை சொல்ல முடியாது, முதலில் கொடுக்க வேண்டியதும் அதுதான். காய்ச்சல் இறங்கியது. "அடுத்த பிளட் கல்ச்சர் எப்ப எடுத்தீங்க சிஸ்டர்?" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். "அதான் பாசிட்டிவ்னு வந்தாச்சே சார். மருந்தும் போயிட்டிருக்கு. மறுபடி எதுக்கு?"

நான் இப்போது இருக்கும் ஊரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவன். அந்த 'எதுக்கு' சுருக்கென்று தைத்தது. காய்ச்சல் விட்டதால் ரத்தம் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. தினமும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாளாவது கல்ச்சர் எடுத்து, பூஞ்சை வளராத முதல் நாளைப் பிடிக்க வேண்டும். 14 நாள் சிகிச்சைக் கணக்கு அந்த நாளிலிருந்துதான் ஆரம்பம். மருந்து ஏற்றிய நாளிலிருந்து எண்ணினால் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்பும் ஆபத்து உண்டு.

நான் குரலை உயர்த்தியது கீழே லேப் வரைக்கும் எட்டியிருக்கும் போல. மைக்ரோபயாலஜி டாக்டர், சின்ன வயதுப் பெண், தானே மாடியேறி வந்தார். அசந்துபோனேன். நான் வேலை பார்க்கும் இடத்தில் ரிசல்ட் போனுக்கே வந்துவிடும், ஆனால் லேப் டாக்டர் கட்டிலருகில் வந்து நின்று நான் பார்த்ததில்லை. "ரெண்டு கையிலயும் தனித்தனியா குத்தி எடுங்க. ஒவ்வொரு பாட்டிலுக்கும் 8, 10 மில்லி வேணும். 3 மில்லிய விட்டுட்டு வளரலன்னு சந்தோஷப்படாதீங்க" என்று சிஸ்டரிடம் அதட்டாமல் சொன்னார். ரத்தம் கொஞ்சமாக இருந்தால் அதில் பூஞ்சை சிக்காமலே போகலாம். உடம்புக்குள் பரவிய கேண்டிடாவில் ஒழுங்காக எடுத்த கல்ச்சரே ஏறக்குறைய பாதியைத்தான் பிடிக்கும்.

புது பாட்டிலிலும் பூஞ்சை வளர்ந்தது. மருந்து போயும் வளர்கிறதென்றால் எங்கோ ஒளிந்திருக்கிறது. மருந்து ஏற்றக் கழுத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குள் போட்ட சென்ட்ரல் லைன் குழாய் அதுவரை அப்படியே இருந்தது. "நல்லா ஓடுதே" என்று யாருக்கும் எடுக்க மனமில்லை. பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிசின்போல் படலம் கட்டிவிட்டால் மருந்து எளிதில் உள்ளே நுழையாது. அந்த லைனைக் கழற்றி, கழுத்தில் ஸ்கேன் பார்த்ததில் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கட்டி. இதய ஸ்கேனான எக்கோவில் வால்வு சுத்தம். கண் டாக்டர் கண்ணின் பாவையை விரித்து விழித்திரையைப் பார்த்தார், அங்கும் ஒன்றுமில்லை.

கேண்டிடாவில் இது பாராப்சிலோசிஸ் இனம் என்று, கிருமியின் இனத்தைக் கண்டறியும் மால்டி-டாஃப் கருவி சில நிமிடத்தில் சொன்னது. பல மருந்துகளுக்கு அடங்காத கேண்டிடா ஆரிஸாக இருக்குமோ என்று பயந்திருந்தேன். 2009-இல் ஜப்பானில் ஒருவர் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட இனம் அது, பழைய கருவிகள் ஹெமுலோனி என்ற வேறு இனமாகத் தப்பாகப் படித்துவிடும்.

அமெரிக்காவில் 2014-இல் அனுமதி பெற்ற டி2 கேண்டிடா என்ற பரிசோதனை பற்றி நான் லேப் டாக்டரிடம் அளக்க ஆரம்பித்தேன். வளர்க்கவே வேண்டாம், ரத்தத்திலிருந்து நேரடியாக 5 இனங்களை சில மணி நேரத்தில் காட்டும் என்றேன். அவர் சிரித்தார். "வந்தா நல்லதுதான் சார். பாட்டிலே எடுக்காத வார்டுல மெஷின வெச்சு என்ன பண்றது?" வாயடைத்துவிட்டது.

அதன்பிறகு கல்ச்சர் தவறாமல் போனது, ஒருவழியாக வளராத நாளும் வந்தது. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரித்தால் அட்மிஷன் தேதி இருக்கிறது, ஆபரேஷன் தேதி இருக்கிறது, முதல் நெகட்டிவ் கல்ச்சர் தேதியை மட்டும் காணோம். மருந்தை எப்போது நிறுத்துவது என்று அடுத்து பார்க்கும் டாக்டர் எதை வைத்து முடிவு செய்வார்? டூட்டி டாக்டரைப் பிடித்துக் கையால் எழுதச் சொல்லி, சீல் வைக்கச் சொல்லி வாங்கிய பிறகுதான் பெரியப்பாவை வண்டியில் ஏற்றினேன்.