காவ் யாயா, கேங் கிராச்சானா?

பாங்காக் போகும்போது பறவை பார்க்க மூன்று நாள் கிடைக்கிறது என்றால், தாய்லாந்தின் இந்த இரண்டு தேசியப் பூங்காக்களில் எதற்குப் போவது? இரண்டுமே நகரத்திலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். ஆனால் காவ் யாய் வடகிழக்கே, கேங் கிராச்சான் தென்மேற்கே. இரண்டையும் ஒரே பயணத்தில் திணித்தால் பாதி நேரம் சாலையிலேயே போய்விடும்.

காவ் யாய் 1962இல் அறிவிக்கப்பட்டது, அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா. உள்ளே தார்ச்சாலை, கூடாரம் போட இடம், சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு இதுதான் சரி. இங்கே நான்கு வகை இருவாச்சிகள் இருக்கின்றன. அதில் பெரிய இருவாச்சி நம் வால்பாறையில் பறக்கும் அதே இனம்தான். பழுத்த அத்திமரம் ஒன்றைக் கண்டுபிடித்து அடியில் காத்திருங்கள். இறக்கைச் சத்தம் முதலில் கேட்கும், பறவை பிறகுதான் தெரியும். அந்தச் சில நொடிகளுக்காகவே நான் திரும்பவும் போவேன். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம், பாங்காக்கே அங்கு வந்துவிடும்.

கேங் கிராச்சான் வேறு மாதிரி. சுமார் 2,900 சதுர கிலோமீட்டர், தாய்லாந்தின் பூங்காக்களிலேயே பெரியது, மியான்மர் எல்லையை ஒட்டியது. வடக்கத்திய இமயமலைப் பக்கத்துப் பறவைகளும் தெற்கே மலாய்க் காடுகளின் பறவைகளும் சந்திக்கும் இடம் என்பதால்தான் இத்தனை வகை. பூங்காவுக்குள் பான் கிராங் முகாமைத் தாண்டிச் சாலையை ஓடைகள் குறுக்கிடும் இடத்தில், கோடை முடிவில் பிராட்பில் எனும் அகன்ற அலகுப் பறவைகள் தூக்கணாங்குருவிபோலத் தொங்கும் கூடு கட்டும். கருப்பும் சிவப்புமாக, நீல அலகோடு ஒன்று கூட்டுக்கு நார் கொண்டுவருவதைப் பார்த்தால் மூன்று நாளும் அங்கேயே உட்காரத் தோன்றும்.

அப்புறம், பூங்காவுக்கு வெளியே ஊர்க்காரர்கள் நடத்தும், ஒளிந்திருந்து பறவை பார்க்கும் மறைவிடங்கள். சின்னத் தண்ணீர்க் குட்டை, முன்னால் துணித்திரை, உட்காரக் கட்டணம். வறண்ட மாதங்களில் கௌதாரி வகைகளும் சருகுமானும் கைக்கெட்டும் தூரத்தில் வந்து குடிக்கும். 

சிரமமும் இங்கேதான் அதிகம். பூங்காவுக்குள் உயரத்தில் உள்ள பனோன் துங் மேடு வரை ஏறத் தனி வண்டி அமர்த்த வேண்டியிருக்கலாம், மழைக்காலத்தில் அந்தப் பாதையைச் சில மாதம் மூடிவிடுவார்கள்.

பறவைக்காக மட்டுமே போகிறீர்கள், ஏப்ரலில் விடுப்பு கிடைக்கிறது என்றால் யோசிக்காமல் கேங் கிராச்சான். மழை மாதங்களில்தான் முடியும் என்றால் காவ் யாய். அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை துணி உறை மாட்டிக்கொள்ளுங்கள்.