இலவச மூட்டு முகாமும் அவசர அறுவை சிகிச்சையும்: மும்பைத் தமிழர்கள் கவனத்துக்கு

தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர் என்று நம் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில் 'இலவச மூட்டு வலி முகாம்' என்ற தட்டி கட்டப்படுவது மும்பையில் இப்போது வழக்கமாகிவிட்டது. எல்லா முகாம்களும் மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படியொரு முகாமில் தொடங்கி, இரண்டு முழங்கால்களையும் உடனே மாற்றியாக வேண்டும் என்று என் தாயாரை நம்பவைத்து, முன்பணமும் வாங்கிக்கொண்டு, செய்யக்கூடாத நேரத்தில் அறுவை சிகிச்சைக்குத் தேதியும் குறித்த ஒரு தனியார் மருத்துவமனையின் நடைமுறையை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே முறையை வேறு இடங்களிலும் கையாளுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்வதால், பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதே அதிகம் பயன்படும்.

அம்மாவுக்கு வயது 63. சர்க்கரை நோய் உண்டு. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். படி இறங்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் வலது முழங்காலில் வலிக்கும். இடது காலில் அவ்வளவாக இல்லை. இரவில் நன்றாகத் தூங்குவார், மார்க்கெட்டுக்கு நடந்து போய் வருவார். முகாமில் கொடுத்த படிவத்தில் பெயர், வயதுக்கு அடுத்த வரியே மெடிக்ளெய்ம் உண்டா, எவ்வளவு தொகைக்கு என்பதுதான். வலி எங்கே, எத்தனை நாளாக என்ற கேள்வி பக்கத்தின் அடியில் இருந்தது. படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் அம்மாவின் முழங்காலைத் தொட்டுப் பார்க்கவில்லை, மடக்கி நீட்டச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லியும் பார்க்கவில்லை. படத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, இரண்டு மூட்டும் தேய்மானத்தின் கடைசிக் கட்டமான நான்காம் நிலைக்குப் போய்விட்டதாக இந்தியில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் 'கோ-ஆர்டினேட்டர்' என்று அறிமுகப்படுத்தப்பட்ட ஓர் இளைஞர். நம் பகுதி முகாம்களுக்கென்றே தமிழ் பேசுகிற ஆளை வைத்திருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. "பெரியம்மா, நானும் திருநெல்வேலிப் பக்கந்தான், எங்க அம்மாவா இருந்தா என்ன செய்வேனோ அதத்தான் சொல்லுதேன்" என்று தொடங்கினால் நம் வீட்டுப் பெண்கள் மறுத்துப் பேசுவார்களா? ஆறு மாதம் தள்ளிப் போட்டால் படுத்த படுக்கைதான் என்றார். இந்த மாதக் கடைசிக்குள் செய்துகொண்டால் இரண்டு மூட்டுக்கும் சேர்த்துச் சலுகை என்றார். வாஜ்பாயே பிரதமராக இருந்தபோது இந்த மும்பையில்தான் மூட்டு மாற்றிக்கொண்டார் என்றும் எடுத்துச் சொன்னார். அது உண்மைதான். ஆனால் பிரீச் கேண்டி மருத்துவமனையில் வாஜ்பாய்க்கு ஒரு முழங்கால் 2000 அக்டோபரிலும் மற்றது 2001 ஜூனிலும் மாற்றப்பட்டன என்பதை, ஒரே நாளில் இரண்டையும் செய்துவிடலாம் என்று வற்புறுத்தியவர் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு மூட்டையும் மாற்றுவது நடக்காத காரியம் அல்ல. இதயமும் சர்க்கரையும் சீராக இருக்கிற, கவனமாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அப்படிச் செய்கிறார்கள். அம்மாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி 9-க்கு மேல், அதாவது கட்டுப்பாட்டில் இல்லாமல் இருந்ததை யாரும் கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் மருத்துவமனைக்கு வரச்சொல்லி, அறுவை சிகிச்சை வரை வலி தெரியாமல் இருக்க 'ஜெல்' போடுகிறோம் என்று இரண்டு முழங்காலிலும் ஊசி போட்டார்கள். அன்றே 25,000 ரூபாய் முன்பணம் கட்டவைத்து, மூன்று வாரம் கழித்து ஒரு தேதியும் கொடுத்தார்கள். மொத்தச் செலவு 4,90,000 ரூபாய் என்று எழுதிய தாளில் மருத்துவமனையின் முத்திரையோ கையெழுத்தோ இல்லை. எக்ஸ்ரே படத்தைக் கேட்டபோது, அது எங்கள் ஃபைலில் இருக்கட்டும் என்றார்கள். அன்றிரவிலிருந்து சில நாட்களுக்கு அம்மாவின் சர்க்கரை அளவு 300-ஐத் தாண்டி நின்றது. தொலைபேசியில் கேட்டால், பதற்றத்தில் ஏறியிருக்கும் என்பதே பதில்.

இந்த நிலையில்தான் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க முடிவு செய்து, மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் எலும்புப் பிரிவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். கேஸ் பேப்பர் என்கிற நோயாளிச் சீட்டுக்கு வரிசை, எக்ஸ்ரேவுக்கு வரிசை என்று ஒரு நாள் முழுவதும் போய்விடும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அங்கிருந்த மருத்துவருக்கு எங்களிடம் விற்பதற்கு எதுவும் இல்லை. முதலில் அம்மாவை நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு நிற்கவைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். உடல் எடை மூட்டின் மேல் இறங்கும்போதுதான் எலும்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்பது சரியாகத் தெரியும், படுக்கவைத்து எடுத்த படத்தை வைத்து நிலை சொல்வது சரியல்ல என்றார். மூட்டுத் தேய்மானத்தைப் பூஜ்யத்திலிருந்து 4 வரை தரம் பிரிக்கும் கெல்கிரன்-லாரன்ஸ் முறை 1957-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி அம்மாவின் வலது கால் 3, இடது கால் 2. நான்காம் நிலை எந்தக் காலிலும் இல்லை. படத்தில் தெரியும் தேய்மானமும் நோயாளி உணரும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை, ஆகவே படத்தை மட்டும் பார்த்து அறுவை சிகிச்சையை முடிவு செய்வதில்லை என்பதையும் அவரே விளக்கினார்.

பிறகு, ஊசி போட்ட நாளில் தந்திருந்த சீட்டை வாங்கிப் பார்த்தார். மூலையில் கிறுக்கலாக 'ட்ரையம்சினோலோன்' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, இது ஜெல் இல்லை, ஸ்டீராய்டு என்றார். சர்க்கரை நோயாளிக்கு அந்த ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறுவது எதிர்பார்க்க வேண்டியதுதான். முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் அதற்கடுத்த மூன்று மாதத்துக்குள் அந்த மூட்டை மாற்றக்கூடாது, கிருமித் தொற்று ஏற்படும் அபாயம் கூடும் என்பது எலும்பு மருத்துவத்தில் பரவலாகத் தெரிந்த எச்சரிக்கை. செயற்கை மூட்டில் தொற்று பிடித்துவிட்டால் சில சமயம் அதைக் கழற்றி எடுத்துவிட்டு மீண்டும் அறுவை சிகிச்சை செய்ய நேரிடும். ஊசியையும் போட்டு, மூன்றே வாரத்தில் தேதியையும் கொடுத்தது அதே மருத்துவமனைதான். பணம் போனதைக்கூட மன்னித்துவிடலாம். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூட்டை எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு அந்த மருத்துவர் சொன்னதும், பிறகு நான் படித்தறிந்ததும் ஒன்றாகவே இருந்தன. தேய்மானம் ஆண்டுக்கணக்கில் நகர்கிற நோய். இன்றைக்கே என்கிற அவசரம் அதில் அநேகமாக இல்லை. வலி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறதா, வீட்டுக்குள் நடமாடுவதையும் குளிப்பதையும்கூடத் தடுக்கிறதா, தொடையின் முன்தசையை வலுவாக்கும் பயிற்சி, எடைக் குறைப்பு, வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கும் ஊன்றுகோல், மேலே தடவும் மருந்து ஆகியவற்றைச் சில மாதங்கள் ஒழுங்காகச் செய்துபார்த்தும் பயன் இல்லையா என்பவற்றை வைத்துத்தான் காலம் கனிந்ததா என்று பார்க்கிறார்கள். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று அமெரிக்க ஆய்வொன்று 2005-இல் காட்டியது.

வயதும் கணக்கில் வரும். பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, முழு முழங்கால் மூட்டு மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. அதே இதழில் 2017-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு, 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களில் வாழ்நாளில் மறு அறுவை சிகிச்சை தேவைப்படுவோர் 5 சதவீத அளவில்தான் என்றும், ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களில் அது 35 சதவீதம் வரை போகிறது என்றும் சொல்கிறது. கோ-ஆர்டினேட்டர் சொன்ன 'முப்பது வருட உத்தரவாதம்' எந்தத் தாளிலும் எழுதித் தரப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று யாரும் ஓட வேண்டாம். என் பெரியப்பா கத்திக்குப் பயந்து பல ஆண்டுகள் வலி மாத்திரையிலேயே ஓட்டினார். கால் வில்லாக வளைந்து, முழங்கால் முழுவதும் நீட்ட முடியாமல் இறுகி, தொடைத் தசை வற்றிய பிறகு மாற்றிக்கொண்டதால் நேராக நடக்கவே நெடுநாள் ஆயிற்று. மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுத்திருந்தன. காலம் கடத்துவதாலும் கெடுதி உண்டு. அந்தக் காலம் எது என்பதை, முழங்காலைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டுமே தவிர, மாதக் கடைசிக்குள் எண்ணிக்கை காட்ட வேண்டிய விற்பனையாள் சொல்லக்கூடாது.

செலவு விவரத்துக்கு வருகிறேன். அந்த முத்திரையில்லாத தாளில் இம்ப்ளான்ட் (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு) என்று மட்டும் ஒரு மூட்டுக்கு 1,40,000 ரூபாய் எழுதியிருந்தார்கள். மத்திய அரசின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முழங்கால் இம்ப்ளான்ட்களுக்கு உச்சவரம்பு விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், டைட்டானியம், ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் வகைகளுக்கு 76,600 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பின்னர் தொகை அவ்வப்போது திருத்தப்பட்டிருப்பதால், அறுவை சிகிச்சை செய்யும் காலத்தின் வரம்பை ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சவரம்பு இம்ப்ளான்டுக்கு மட்டும்தான். அறை வாடகை, மருத்துவர் கட்டணம், 'ரோபோ கட்டணம்' எல்லாம் மருத்துவமனை வைப்பதே விலை. இம்ப்ளான்டின் விலையையும் நிறுவனப் பெயரையும் பேட்ச் எண்ணையும் ரசீதில் தனியே காட்ட வேண்டும் என்பது அதே உத்தரவில் உண்டு. கேட்டதற்கு, இது சாதாரண மூட்டு இல்லை, 'கோல்டு மூட்டு' என்றார் அந்தத் தம்பி. அதில் பொன் எதுவும் இல்லை. டைட்டானியம் நயோபியம் நைட்ரைடு பூச்சுக்கு இயல்பாகவே பொன்னிறம், அவ்வளவுதான்.

காப்பீட்டு விஷயத்தில் அவர் சொன்ன யோசனைதான் எல்லாவற்றையும் விட அபாயமானது. என் தம்பி அம்மாவுக்குப் பாலிசி எடுத்து ஓராண்டுகூட ஆகவில்லை. தேய்மானத்தால் வரும் மூட்டு மாற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு ஆண்டுக் காத்திருப்புக் காலம் உண்டு. விபத்தால் வந்ததற்கு அது கிடையாது. "கீழே விழுந்துட்டாங்கன்னு எழுதிக்கிடலாம், நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். பொய்யான விவரம் கண்டுபிடிக்கப்பட்டால் கோரிக்கை மறுக்கப்படுவதோடு பாலிசியே ரத்தாகலாம். அப்போது அவர்கள் எதையும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், கையெழுத்து நம்முடையது.

அறுவை சிகிச்சையை ரத்து செய்வதாகச் சொன்னவுடன் பெரியம்மா என்ற அழைப்பும் நின்றது, தொலைபேசியும் எடுக்கப்படவில்லை. எழுத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கிய பிறகே 25,000-இல் 14,000 ரூபாய் திரும்ப வந்தது. மீதி 'செயலாக்கக் கட்டணம்' என்றார்கள். முன்பண ரசீதில் அப்படியொரு நிபந்தனையே இல்லை. எக்ஸ்ரேயையும் குறிப்புகளையும் வாங்க, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்வதைக் கடிதத்தில் குறிப்பிட்டேன், உடனே கிடைத்தன. நோயாளியை அனுப்பிவைப்பதற்குக் கமிஷன் வாங்குவதையும் கொடுப்பதையும் அதே விதிகள் தடை செய்கின்றன. மும்பையில் 'கட் பிராக்டிஸ்' என்று எல்லோரும் சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்ளும் இதற்கு எதிராக மகாராஷ்டிர அரசு 2017-இல் தனிச் சட்ட வரைவே தயாரித்தது.

அம்மா இப்போது பிசியோதெரபி கற்றுக்கொண்டு வீட்டிலேயே பயிற்சி செய்கிறார். சர்க்கரை குறைந்திருக்கிறது, வலது கால் வலி படியில் இன்னும் இருக்கிறது. வலது மூட்டை என்றாவது மாற்ற வேண்டி வரலாம் என்று அந்த மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இடது காலைப் பற்றி இப்போதைக்குப் பேச்சே இல்லை. மீதிப் பணத்துக்காகத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்திருக்கிறோம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம், 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. இதே போல முன்பணம் கட்டிவிட்டு யோசிப்பவர்கள், ரத்து செய்வதை வாய்வார்த்தையாகச் சொல்லாமல் கடிதமாகக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முழங்காலில் ஊசி போட்டிருந்தால் அதன் பெயரையும் தேதியையும் எழுத்தில் கேட்டு வாங்கி, அடுத்து பார்க்கும் மருத்துவரிடம் முதலில் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.