பழைய பிக்கப்பில் மீன் ஏற்ற ஸ்டெபிலைசர் ராடா, கூடுதல் பட்டையா?

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் பழைய பிக்கப் வைத்து மீன் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். ஐஸ் போட்ட பெட்டிகளைக் கேபின் உயரத்துக்கு அடுக்கித் தார்ப்பாய் கட்டிவிட்டால், வளைவிலும் பாலத்திலும் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து ஆடுகிறது. இதற்குப் பட்டறைகளில் உடனே கிடைக்கும் யோசனை, பின் ஸ்பிரிங் கட்டில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளில், பக்கத்துக்கு ஒரு பட்டை கூட்டுவது. மற்றொரு வழி, வண்டியின் இரு பக்கத்தையும் குறுக்கே இணைத்துச் சாய்வைத் தடுக்கும் எஃகுக் கம்பியான ஸ்டெபிலைசர் ராடு ஒன்றைப் பின் அச்சுக்குப் பொருத்துவது. பத்து வயது தாண்டிய என் வண்டிக்கு நான் ராடைத்தான் போட்டேன். கடற்கரையில் ஓடும் மீன் வண்டிக்கு அதுவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

ஷாக் அப்சார்பர் ஓய்ந்து, ஸ்பிரிங் நுனியைச் சேஸிஸோடு பிணைக்கும் ஷேக்கிளின் புஷ் தேய்ந்து, டயரில் காற்றும் குறைவாக இருக்கும் வண்டிக்கு இரண்டில் எதைச் செய்தாலும் பணம் வீண். முதலில் அவற்றைச் சரிசெய்துவிட வேண்டும்.

பட்டை பாரம் தாங்குவதற்கானது. ராடு ஒரு கிலோ பாரத்தைக்கூடத் தாங்காது. பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது தன் புஷ்களுக்குள் சும்மா சுழலும். ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்போதுதான், ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கேறிச் சாய்வை எதிர்க்கும். ஸ்பிரிங் கட்டுகள் சக்கரங்களுக்கு உள்தள்ளிச் சேஸிஸுக்கு அடியில் இருப்பதால், பட்டையைக் கூட்டி மட்டுமே சாய்வைக் குறைக்கப் பார்த்தால் அதற்கு விலையாக வண்டி மேலும் கீழும் விறைத்துப்போகும்.

இந்த வித்தியாசம் பாம்பன் சாலைப் பாலத்தில் தெளிவாகத் தெரியும். 1988-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். காற்றை மறிக்க அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. கச்சான் (தென்மேற்குக் காற்று) மாதங்களில் ஒரு பக்கமும் வாடையில் மறுபக்கமும் காற்று வண்டியின் விலாவில் அடிக்கும். பக்கத்துப் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிட்டார்கள் என்றால் பெட்டி அடுக்கிய பிக்கப்பின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ராடு போட்டபின் வண்டி சாய்கிறது, ஆனால் சாய்ந்த இடத்தில் நிற்கிறது. முன்போல மறுபக்கம் வீசிப்போய்த் திரும்புவதில்லை. பாலத்தின் இணைப்புகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகவே குதிப்பதால் அங்கே ராடு குறுக்கிடுவதும் இல்லை. பட்டை கூட்டிய வண்டியோ, காலிப் பெட்டிகளோடு திரும்பி வரும்போது அதே இணைப்புகளில் தூக்கித் தூக்கிப் போடும்.

இவையெல்லாம் இருந்தாலும், என் முடிவுக்குக் காரணம் உப்பு. வண்டியின் சரக்குத் தொட்டியின் இடுக்குகள் வழியே ஒழுகும் ஐஸ் தண்ணீரில் உப்பும் மீன் கசடும் கலந்திருக்கும். அது நேராக விழுவது பின் அச்சின்மீதும் ஸ்பிரிங் கட்டின்மீதும்தான். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே புகுந்த உப்புநீரை எவ்வளவு வேகமாகத் தண்ணீர் அடித்தாலும் முழுமையாக வெளியேற்ற முடியாது. நம் பக்கத்து மீன் வண்டி ஒன்றின் கட்டைப் பிரித்துப் பாருங்கள்: பட்டையின் நுனி உரசும் இடம் பளபளவென்றிருக்கும், அதற்கு நான்கு விரல் உள்ளே துரு செதில் செதிலாகப் புடைத்திருக்கும், சுத்தியலால் லேசாகத் தட்டினால் ஏடு ஏடாக உதிரும், உதிர்ந்த இடத்தில் எஃகில் குழிகள் தெரியும். ஸ்பிரிங் எஃகில் விரிசல் அப்படிப்பட்ட குழியிலிருந்துதான் கிளம்பும். அதிலும் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டி, கட்டை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் பிடிக்குள், பிரிக்காமல் பார்க்க முடியாத இடத்தில் கிளம்பினால் பட்டை முறியும்வரை தெரியாது. ஒரு பட்டையைக் கூட்டுவது உப்பு தங்குவதற்கு இன்னும் ஓர் இடுக்கைக் கூட்டுவதுதான். பழைய பட்டைகள் வளைவு தளர்ந்திருக்க, புதியது வளைவு மாறாமல் இருப்பதால் இரண்டும் சரியாகப் பொருந்தி உட்காருவதும் இல்லை.

ராடும் துருப்பிடிக்கும், முறுக்கின் அழுத்தம் மேற்பரப்பில்தான் அதிகம் என்பதால் அதில் விழும் குழியும் ஆபத்தானதே. ஆனால் அது ஒற்றைக் கம்பி. சுற்றிலும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். புஷ்ஷைப் பிடிக்கும் கிளாம்ப் இரண்டு, ராடின் நுனிகளை இணைக்கும் லிங்க் இரண்டு. இவற்றைக் கழற்றினால் ராடு கையோடு வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது மீன் வண்டிக்கும் வேலை குறைவு. அப்போது ராடைக் கழற்றித் துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயின்டும் அடித்து, புஷ் மாற்றிப் பூட்டினால் அடுத்த தடைக்காலம்வரை போதும். சாதாரண ரப்பர் புஷ்ஷுக்குப் பட்டறைக் கிரீஸைத் தடவ விடாதீர்கள். ரப்பர் ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும். இதே வேலையை ஸ்பிரிங் கட்டில் செய்ய வேண்டுமென்றால் ஜாக்கி ஏற்றி, இறுகிப்போன யூ போல்ட்டுகளை அறுத்து, புதியவை வாங்கி மாட்ட வேண்டும்.

கெட்டுப்போகும் விதமும் முக்கியம். புஷ் தேய்ந்தால் பள்ளத்தில் டொக் டொக் என்று சத்தம் வரும். லிங்க் முறிந்தால் வண்டி பழையபடி ஆடும், பாரத்தோடு உட்கார்ந்துவிடாது. மெயின் பட்டை முறிந்தால் அச்சே விலகலாம்.

ராடு பொருத்தும்போது கவனம் தேவை. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடும். 20 மில்லிமீட்டருக்குப் பதில் 25 போட்டால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மிகத் தடித்த ராடைப் போட்டுவிட்டால் மழையில் காலி வண்டியின் பின்பக்கம் வளைவில் வழுக்கப் பார்க்கும். பெரிய வண்டியிலிருந்து கழற்றிய ராடு பழைய பாகக் கடைகளில் கிடைக்கும்; தடிமனைப் பார்த்து எடுங்கள். ராடின்மீது வெல்டிங் வைக்கவே கூடாது. சூட்டில் எஃகின் பதம் போய்விடும். அச்சு ஹவுசிங்கில் யூ போல்ட் போட்டுப் பிடிப்பதே நல்லது; பிரேக் குழாயில் எங்கும் உரசக் கூடாது. கரை மணலில் இறங்குகிறவர்களுக்கு ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கிச் சுழலும் சிக்கல் கூடலாம். நான் பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓட்டுபவன், ஆகவே அதில் என் அனுபவம் குறைவு.

வாலிநோக்கம் பக்கம் உப்பு மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு நான் ராடைச் சொல்ல மாட்டேன். மூட்டைகள் தாழ்வாகக் கிடக்கும். அங்கே பிரச்சினை ஆட்டத்தில் இல்லை, பின்பக்கம் அமுங்குவதில்தான். அதற்குப் பட்டைதான் மருந்து. ஆனால் பட்டை கூட்டினால் வண்டியின் பின்பக்கம் உயரும். பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ள வண்டிகளில், அந்த வால்வு வண்டி காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு பின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அதைத் திருத்தி வைக்கச் சொல்லி நின்று பார்த்து வாங்குங்கள். பட்டை கூடியதால் ஆர்.சி.யில் உள்ள எடை கூடிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி அதிகபாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

ஸ்பிரிங்குக்கும் சேஸிஸுக்கும் இடையே வைக்கும் ஏர் பேக் மூன்றாவது வழி. அதை நான் சொந்தமாகப் பயன்படுத்தியதில்லை. உப்பிலும் வெயிலிலும் அந்த ரப்பர் எத்தனை காலம் தாங்கும் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. போடுகிறவர்கள் இடது, வலது பைகளுக்குத் தனித்தனிக் காற்றுக் குழாய் வைக்கச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, சாய்வு முன்னைவிட மோசமாகும்.